பதினேழாம் வில்லையைத் துடைத்தது நான்தான்

என் மேசையிலிருந்து ஒரு வில்லை வெளியே போக வேண்டுமென்றால் அதில் என் முகம் தெரிய வேண்டும். சும்மா நிழலாகத் தெரிந்தால் போதாது, இமை முடியை எண்ண முடிய வேண்டும். பத்தொன்பது வருடமாக இதுதான் என் சட்டம். ஆய்வுக்கூடத்தில் படித்தவர்கள் வழவழப்பை அளக்க என்னென்னவோ கருவி வைத்திருக்கிறார்கள். அளந்து முடித்து, "அக்கா, சரியாத்தான் இருக்கு" என்று என்னிடமே வந்து சொல்வார்கள். அடேயப்பா, கண்டுபிடித்துவிட்டார்கள்!

வில்லை என்று நான் சொல்வது டங்ஸ்டன் உலோகத்தில் வெட்டிய சின்ன வட்டத் துண்டை. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், ஆனால் கையில் வாங்கினால் இவ்வளவு கனமா என்று திடுக்கிடுவீர்கள். சூரியனுக்குள் நடக்கிற வேலையை ஒரு பெரிய பாத்திரத்துக்குள் நடத்தி மின்சாரம் எடுக்க உலகம் பூராவும் முயற்சி செய்கிறார்கள். இணைவு உலை என்று பெயர். அந்தப் பாத்திரத்தின் உட்சுவருக்கு டங்ஸ்டன்தான் தாங்கும் என்கிறார்கள், மற்ற உலோகமெல்லாம் உருகி ஓடுகிற சூட்டிலும் இது அசையாது.

அசையாதே தவிர, சும்மாவும் இருக்காது. உலைக்குள் இருந்து ஹைட்ரஜனும் ஹீலியமும் ஓயாமல் வந்து சுவரில் மோதிக்கொண்டே இருக்கும். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து பதுங்கிக்கொள்ளும். உலைக்கு எரிபொருளே அதுதான். அது போய்ச் சுவருக்குள் உட்கார்ந்துகொண்டால் எதை எரிப்பது? அதில் ஒரு வகைக்குக் கதிர்வீச்சு வேறு உண்டு, சுவரில் சேரச் சேர ஆபத்து. ஹீலியம் வேறு மாதிரி ஆசாமி. யாரோடும் ஒட்டாது, உள்ளே போய்த் தனக்குத்தானே கூட்டம் கூடிக் குட்டிக் குட்டிக் கொப்புளமாக நிற்கும். சூடும் நாளும் சேர்ந்தால், நான் கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுத்த முகத்தின் மேல் கன்னங்கரேலென்று பஞ்சு முளைக்கும். பஞ்சு என்றால் நிஜப் பஞ்சு இல்லை, தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய உலோக இழைகள். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பஞ்சு என்றுதான் சொல்வோம்.

மெருகு போடுகிறவளுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வீட்டில் ஒரு நாத்தனார் இருக்கிறாளே! நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தவள். வீட்டின் கடைசிப் பிள்ளை என்பதால் குட்டி. ஒருநாள் என் வேலையிடத்தைப் பார்க்க வந்தாள், அந்தப் பைத்தியம் அன்றே பிடித்தது. படித்து முடித்து அதே கட்டடத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்து சேர்ந்தாள். இப்போது முப்பத்துநாலு வயது. வீட்டில் நான் அவளைக் குட்டி என்பேன். வேலையிடத்தில், நாலு பேர் காதில் விழும்படி, மேடம் என்பேன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. ஹீலியம் முதலில் மோதிய சுவருக்குள், பிறகு வருகிற ஹைட்ரஜன் புகுமா, புகாதா? மேலே முளைக்கிற பஞ்சு அதைத் தடுக்கும் என்பது அவள் கட்சி. ஹீலியமே படாத பதினைந்தாம் வில்லை ஹைட்ரஜனை வயிறு முட்டக் குடித்திருந்தது. பதினாறாம் வில்லை வெட்டும்போதே படக்கென்று உடைந்தது, இந்த உலோகத்துக்கு அந்தக் கெட்ட குணமும் உண்டு. மிச்சம் பதினேழு ஒன்றுதான். அதற்கு ஒன்பது நாள் ஹீலியம் கொடுத்தார்கள். அதோடு குட்டிக்கு ஒதுக்கிய ஹீலியம் மெஷின் நாட்கள் தீர்ந்தன.

அந்த மெஷினுக்கு ஐந்து கோஷ்டிகள் போட்டி. யாருக்கு எத்தனை நாள் என்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். குட்டி காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போய் நின்றால் அவள் நாட்கள் மற்றவர்களுக்குப் போய்விடும், ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான். வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. குழு கூடுவது வியாழன், பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுதக் கடைசி நாள் வெள்ளி. "குட்டி பாடம் நடத்தினா பிள்ளைங்க பாவம்" என்று என் கணவர் கிண்டல் செய்வார். ஆனால் அந்தக் கடிதத்தை அவர் ஒருநாள் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றதை நான் பார்த்தேன்.

என் அறையில் இரண்டு வகைப் பெட்டி. வெள்ளை மூடி என்றால் மெருகு போட வேண்டியது. நீல மூடி என்றால் மெஷினில் அடி வாங்கி வந்தது, தொடாதே. சட்டம் போட்டதும் நான்தான், தொடுகிறவர்களைத் திட்டுவதும் நான்தான். குழு கூடுவதற்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை, நீல மூடிகளெல்லாம் அழுக்காக இருக்கிறதே என்று கழுவி ஜன்னலில் காயப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்துக் குட்டி, அடுத்து ஹைட்ரஜன் மெஷினுக்குப் போக வேண்டிய பதினேழை எடுத்து வந்திருக்கிறாள். நீல மூடியைக் காணோம். பத்தே நிமிஷம்தானே என்று வெள்ளை மூடிப் பெட்டியில் போட்டு, என் மேசையில் வைத்துவிட்டு, மெஷின் ஓட்டுகிறவரைத் தேடி ஓடிவிட்டாள்.

நான் வந்து மூடியைத் திறந்தேன். உள்ளே கரிக்கட்டை மாதிரி ஒரு வில்லை.

"எந்தப் பாவி இதை இப்படிக் கரியாக்கினது?" என்று காலி அறையில் கத்தினேன். அழுக்கைக் கண்டால் என் கைக்குப் பொறுமை கிடையாது. மென்துணியை எடுத்தேன், அழுத்தி இரண்டு இழுப்பு. கறுப்பெல்லாம் துணிக்கு வந்துவிட்டது. அடியில் சாம்பல் நிறம், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி மங்கல். என் முகம் தெரியவில்லை. சரி, யாருடையது என்று பார்த்துத் திட்டலாமென்று திருப்பினேன். பின்பக்கத்தில் என் கையாலேயே கீறிய எண், பதினேழு.

ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாள் முளைத்ததை ஒரு நொடியில் வழித்தெடுத்துவிட்டேன், திரும்ப ஒட்டவைக்க முடியுமா?

அப்போதுதான் மெஷின் ஓட்டுகிறவர் உள்ளே வந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஸ்பானர் இருப்பதால் அவர் பெயரே ஸ்பானர் ஆகிவிட்டது.

"அக்கா, மேடம் சாம்பிள் இதுதானே? அஞ்சு மணிக்குள்ள ஹைட்ரஜன் மெஷின்ல வைக்கணும்."

சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது "ம்" மட்டும்தான். அவர் இடுக்கியால் எடுத்துத் தாங்கியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, அந்த மனிதர் வில்லையின் முகத்தைப் பார்ப்பவரில்லை.

என் கை மட்டும் பழக்கப்படி வேலை செய்தது. ஒருமுறை துடைத்த துணியை நான் மறுமுறை தொடுவதில்லை, தூக்கிப் போடுவதுமில்லை. துணியில் ஒரு பொடி ஒட்டியிருந்தால் அடுத்த வில்லையில் கீறல் விழும், எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேட வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு துணியும் ஒரு காகித உறைக்குள் போகும், மேலே எண்ணும் கிழமையும் எழுதுவேன். அன்றும் மடித்துப் போட்டு, "17, செவ்வாய்" என்று எழுதி இழுப்பறைக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஆறு நாள் நான் மனுஷியாகவே இல்லை. நாலாவது மாடியில் எங்கள் வீடு, இரண்டு அறை, ஒரு குளியலறை. ஒளிந்துகொள்ள இடமில்லை. காலையில் குளியலறை வாசலில் துண்டோடு நிற்கும்போது சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், அவள் பல் துலக்கிக்கொண்டே பாட்டுப் பாடினாள். துணி மடிக்கும்போது வாயைத் திறந்தேன், "அண்ணி, பதினேழு மட்டும் கைகொடுத்தா போதும்" என்றாள். மென்று விழுங்கினேன். என் கணவர் பஸ் ஓட்டுகிறவர், பின்னால் என்ன நடக்கிறது என்று கண்ணாடியில் பார்த்தே பழகியவர்.

"என்ன, அஞ்சாறு நாளா வீடு அமைதியா இருக்கு? உடம்பு சரியில்லையா, இல்ல யாரையாவது கொன்னுட்டியா?" என்றார்.

"பேசினாலும் குத்தம், பேசாட்டியும் குத்தமா?" என்று எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் குட்டி நாலு மாடியையும் ஓடியே ஏறி வந்தாள். மூச்சு வாங்க என்னைக் கட்டிக்கொண்டாள். வில்லையைச் சூடாக்கி, உள்ளே பதுங்கியிருந்த வாயுவை வெளியேற்றி அளந்துவிட்டார்கள்.

"அஞ்சுல ஒரு பங்குதான் அண்ணி! பதினஞ்சு குடிச்சதுல அஞ்சுல ஒரு பங்குதான் பதினேழுக்குள்ள போயிருக்கு. நான் சொன்னேன்ல? பஞ்சு தடுத்திருச்சு! வியாழக்கிழமை இதைத்தான் சொல்லப்போறேன். பஞ்சுதான் கவசம்!"

என் கணவர் குதூகலத்தில் டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டினார். நான் என் டம்ளரைத் தொடவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், சும்மா இருந்துவிடலாமே என்று தோன்றத்தான் செய்தது. அவளுக்கு நாட்கள் கிடைக்கும், கடிதத்தைக் கிழித்துப் போடுவாள். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வியாழக்கிழமை இத்தனை பேர் முன்னால் நின்று அவள் சொல்லப்போவது பொய். அவளுக்கு அது பொய்யென்று தெரியாது, எனக்குத் தெரியும். நாளைக்கு இன்னொருவர் செய்து பார்த்து இல்லையென்று சொன்னால் தலைகுனிவது நானா, அவள்தானே?

"குட்டி," என்றேன். "பதினேழுல பஞ்சு இல்ல. மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடியே நான் தொடைச்சிட்டேன்."

"விளையாடாதீங்க அண்ணி."

"வெள்ளை மூடில இருந்துச்சு. கரின்னு நினைச்சுத் தொடைச்சிட்டேன்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு வெடித்தாள். "மூணு வருஷம் அண்ணி! தொடைக்கறதுக்கு உங்களுக்கு வேற எதுவுமே கிடைக்கலையா?" அழுகையும் கத்தலும் ஒன்றாக வந்தன. "அதுகூடப் போகட்டும். ஆறு நாள்! ஆறு நாளா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே!"

அது சுருக்கென்று தைத்தது. தைத்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் வெளியே நின்று நானும் கத்தினேன். "நீ எதுக்குடி வெள்ளை மூடில போட்ட?"

"நீல மூடி எல்லாத்தையும் கழுவிக் காயப்போட்டது யாரு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மூக்குடைபட்டு வந்து உட்கார்ந்தேன். என் கணவர் யாரையும் திட்டவில்லை. டீயை என் பக்கம் நகர்த்தினார். "திடீர்னு பிரேக் போட்டா வண்டி குலுங்கத்தான் செய்யும். யாருக்கும் அடிபடலல்ல? உக்காரு" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது, ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை வேறு. வேலையிடத்தில் பார்க்கிற பார்வை.

"எதால தொடைச்சீங்க?"

"மென்துணி. ரெண்டு இழுப்பு."

"பஞ்சு சுத்தமா போயிருச்சா?"

"போயிருச்சு. ஆனா பளபளப்பு வரல. கண்ணாடில மூச்சு விட்ட மாதிரி மங்கலா இருந்துச்சு."

"மங்கலா..." என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அப்போ பஞ்சு இல்லாமலேயே ஹைட்ரஜன் உள்ள போகல. அப்போ தடுத்தது எது?"

"என்னைக் கேட்டா?"

"கொப்புளம் அண்ணி!" தொடையில் தட்டினாள். "பஞ்சுக்கு அடியில ஹீலியம் கொப்புளம் நெருக்கமா அடைச்சுக்கிட்டு நிக்கும். உங்க துணி அதை ஒண்ணும் பண்ணியிருக்காது. மங்கலாத் தெரிஞ்சது அதோட மேல்தோல். ஹைட்ரஜனை வாசல்லயே நிறுத்தினது அந்த அடுக்குதான்." அவள் பேச்சு வேகமெடுத்தது. "பஞ்சு உண்மையில தொல்லை அண்ணி. உதிர்ந்து உள்ள விழுந்தா உலையே அணைஞ்சு போகும். அது இல்லாம வெறும் கொப்புளமே தடுக்குதுன்னா எவ்வளவு நல்ல விஷயம்!"

சட்டென்று முகம் வாடியது. "ஆனா யாரு நம்புவாங்க? முதல்ல பஞ்சு இருந்துச்சு, அப்புறம் போச்சுன்னு எதை வச்சுச் சொல்றது? மொதல்லேர்ந்தே முளைக்கலன்னு சொல்லிருவாங்க."

"துணி இருக்கே," என்றேன்.

"எந்தத் துணி?"

"தொடைச்ச துணிதான். உறையில போட்டு, நம்பர் எழுதி, இழுப்பறையில வச்சிருக்கேன். நான் என்னைக்குடி துணியைத் தூக்கிப் போட்டிருக்கேன்?"

குட்டி என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. கோபம் முழுக்கப் போகவில்லை என்று தெரிந்தது. காலையில் குளியலறை வாசலில் அவள் என்னிடம் பேசவில்லை, ஆனால் எனக்கு முன்னால் கிளம்பி ஆய்வுக்கூடத்தில் என் அறை வாசலில் காத்திருந்தாள்.

அந்த உறையைத் திறந்து நுண்ணோக்கியில் வைத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். துணி இழைகள் வடக்கயிறு மாதிரி தெரிந்தன. அவற்றின் மேல் சுருள் சுருளாக, ஒன்றோடொன்று பின்னி, நான் வழித்தெடுத்த பஞ்சு. புதன்கிழமை பதினேழைக் குறுக்கே சீவிப் பார்த்தார்கள். மேல் விளிம்பு ஓரமாகக் கொப்புளங்கள் இடைவெளியில்லாமல் அடைத்திருந்தன. பத்தொன்பது வருடமாக அந்த உலோகத்தின் முகத்தை மட்டுமே பார்த்தவள் நான். உள்ளே இவ்வளவு நடக்கிறது என்று அன்றுதான் கண்ணால் கண்டேன்.

வியாழக்கிழமை என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள். கதவு இடுக்கு வழியாக எல்லாம் கேட்டது. குட்டி எதையும் மறைக்கவில்லை. பெட்டி மாறியது, துடைத்தது, ஆறு நாள் கழித்துத் தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். என் காது சூடாகியது. குழுவின் தலைவி, தலை முழுக்க நரைத்த அம்மா, "தொடைச்சவங்க இருக்காங்களா? கூப்பிடுங்க" என்றார்.

உள்ளே போனேன். ஏழு பேர். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எவ்வளவு அழுத்தித் தொடைச்சீங்க?"

எந்த அளவுகோலில் சொல்வது? "குழந்தை சாப்பிட்டு முடிச்சதும் வாயைத் தொடைப்போமில்லையா, அவ்வளவுதாங்க. கொஞ்சம் கோபமாவும் இருந்தேன்" என்றேன்.

சிரிப்பு எழுந்தது. சிரிக்காத ஒருவர் மட்டும், "ஒரே ஒரு சாம்பிளை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது" என்றார்.

"முடிவு பண்ணலையே சார்," என்றாள் குட்டி. "அதனாலதான் நாள் கேக்கறேன்."

ஒரு வருடம் கேட்டாள், முப்பது நாள் கொடுத்தார்கள். மூன்று வில்லை செய்யலாம். மூன்றும் ஒரே பதில் சொன்னால் மறுபடி வரச்சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலையில், வேலைக்கு வர இயலாது என்று பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டாள். என் கணவர் அந்த உறையைக் கையில் எடைபார்த்து, "பிள்ளைங்க தப்பிச்சாங்க" என்றார்.

ஒரு மாதம் ஓடியது. மூன்று வில்லைகளையும் நான்தான் தேய்த்துக் கொடுத்தேன், இமை முடியை எண்ணிப் பார்த்துத்தான் அனுப்பினேன். மூன்றும் கன்னங்கரேலென்று திரும்பி வந்தன. வெள்ளை மூடிப் பெட்டிகள். மேலே குட்டியின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "துடைக்க வேண்டியது." பக்கத்தில் குட்டியும், தாங்கியோடு ஸ்பானரும் தயாராக நின்றார்கள்.

முதல் வில்லையை எடுத்தேன். துணியை எடுத்தேன். கை போகவில்லை. ஒன்பது நாள் அது முளைத்தது, இவளுடைய மூன்று வருடம் அதில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு எந்தக் கை போகும்?

"ரெண்டு இழுப்பு அண்ணி. அன்னைக்கு மாதிரியே இருக்கணும்."

"வரமாட்டேங்குது குட்டி. நீயே தொடையேன்."

"நான் தொடைச்சா அது வேற அழுத்தம்." என் தோள் மேல் கைவைத்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "அன்னைக்கு கோபத்துலதானே தொடைச்சீங்க? கோபப்படுங்க. அன்னைக்கு என்ன சொன்னீங்களோ அதைச் சொல்லுங்க."

ஸ்பானர் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"எந்தப் பாவி இதை இப்படிக் கரியாக்கினது?"

"நான்தான் அண்ணி," என்றாள் குட்டி.

துடைத்தேன். இரண்டே இழுப்பு. கறுப்பெல்லாம் துணிக்கு வந்தது, அடியில் அதே மங்கல். குனிந்து பார்த்தோம். முகம் தெரியவில்லை, இரண்டு தலை குனிந்திருப்பது மட்டும் தெரிந்தது. வில்லையை ஸ்பானரிடம் கொடுத்துவிட்டு, துணியை மடித்து உறைக்குள் போட்டு, மேலே எண்ணையும் கிழமையையும் எழுதினேன்.